பட்டியலைக் கீழிருந்து கட்டுங்கள்: அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்துக்கு ஒரு வழிகாட்டி

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்த கையோடு, எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியின் வாசலில் யாராவது ஒரு பெற்றோர் என்னிடம் கைப்பேசியை நீட்டுவார். திரையில் எட்டுப் பெயர்கள் இருக்கும். ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி, பிரின்ஸ்டன், யேல், கொலம்பியா, பென், பெர்க்லி. பட்டியல் அங்கேயே முடிந்துவிடும். "பையன் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு பி கூட வாங்கியதில்லை அண்ணா, இதில் ஏதாவது ஒன்று வந்துவிடும் இல்லையா?" என்று கேட்பார். அந்த நம்பிக்கையைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். முடிவுகள் வரும் மார்ச் கடைசியில் அதே போன்ற வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் இதே தவற்றோடுதான் தொடங்கினோம். என் மகள் பதினோராம் வகுப்பில் இருந்தபோது, தரவரிசை ஒன்றைப் பார்த்து மேலிருந்து பதினான்கு பெயர்களை எழுதி, அச்செடுத்து, இரவுச் சாப்பாட்டின்போது மேசைமேல் வைத்தேன். அவள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பென்சிலை எடுத்து மூன்று பெயர்களுக்குப் பக்கத்தில் மட்டும் சிறிய புள்ளி வைத்தாள். "மற்றவை?" என்றேன். "அவை உங்களுக்கு அப்பா" என்றாள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

நம்மில் பலர் கட்-ஆஃப், ரேங்க், கலந்தாய்வு என்று வளர்ந்தவர்கள். மதிப்பெண் வந்தால் இடம் வரும் என்பது நமக்கு ஊறிப்போன கணக்கு. இங்கே மதிப்பெண் வாசல்வரைதான் கொண்டுவிடும். உள்ளே யாரை எடுப்பது என்பதைக் கட்டுரைகள், பரிந்துரைக் கடிதங்கள், அந்த ஆண்டு அந்தக் கல்லூரிக்கு என்ன தேவை என்பது வரை பல விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஆகவே நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குத்தான் பட்டியல் மிகக் கவனமாக அமைய வேண்டும். சுமாராகப் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் இயல்பாகவே எச்சரிக்கையாக இருக்கிறார்கள். முதல் மாணவரின் பெற்றோர்தான் அடித்தளம் போடாமல் மாடி கட்டுகிறார்கள்.

ஒரு சிறிய கணக்கு

2024இல் கல்லூரிக்குள் நுழைந்த வகுப்புக்கு ஹார்வர்டில் 54,008 பேர் விண்ணப்பித்தார்கள். 1,937 பேருக்கு அனுமதி கிடைத்தது. நூற்றுக்கு நான்குகூட இல்லை.

இப்படி நூற்றுக்கு நான்கு பேரை எடுக்கும் எட்டுக் கல்லூரிகளுக்கு ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குலுக்கல் போடுகிறது என்றே எடுத்துக்கொண்டாலும், எட்டிலும் மறுக்கப்படும் வாய்ப்பு 72 சதவீதம். என் பிள்ளை சராசரி விண்ணப்பதாரர் இல்லையே என்பீர்கள். சரி, வாய்ப்பை இரண்டு மடங்காக்கி எட்டு சதவீதம் என்று வையுங்கள். அப்போதும் எட்டிலும் மறுக்கப்படும் வாய்ப்பு பாதிக்கு மேல், 51 சதவீதம். உண்மையில் இவை தனித்தனிக் குலுக்கல்களும் அல்ல. ஒரே கட்டுரை, ஒரே பரிந்துரைக் கடிதம், ஒரே செயல்பாட்டுப் பட்டியல்தான் பெரும்பாலும் எட்டு இடங்களுக்கும் போகிறது. ஓரிடத்தில் எடுபடாத விண்ணப்பம் அடுத்த இடத்திலும் எடுபடாமல் போகக்கூடும். மேலே இன்னும் நான்கு பெயர்களைச் சேர்ப்பதால் பட்டியல் பலப்படாது.

ஆலோசகர்கள் கல்லூரிகளை ரீச், டார்கெட், சேஃப்டி என்று மூன்றாகப் பிரிப்பார்கள். எட்டிப் பிடிக்க வேண்டியவை, கைக்கு எட்டுபவை, கையிலேயே இருப்பவை என்று நான் வீட்டில் சொல்வேன். எல்லாரும் மேலிருந்து தொடங்குகிறார்கள். கையில் இருப்பதிலிருந்து தொடங்கி மேலே போங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இரண்டு உண்டு.

பணப் பேச்சை முதலில் முடியுங்கள்

பதினோராம் வகுப்பின் வசந்த காலத்தில், கணவனும் மனைவியும் உட்கார்ந்து, ஓராண்டுக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்று ஒரு தொகையை எழுதுங்கள். பிறகு அதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். நம் வீடுகளில் இதுதான் மிகக் கடினமான படி. "நீ படி, பணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் ஏப்ரலில் அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளையிடம் முதன்முறையாகப் "பணம் போதாது" என்று சொல்வதைவிடக் கொடுமை வேறில்லை.

பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தங்குமிடம், உணவு உட்பட ஓராண்டுச் செலவு இப்போது 90,000 டாலரை ஒட்டி நிற்கிறது. ஹார்வர்டு, யேல் அடங்கிய ஐவி லீக் என்ற குழுவின் கல்லூரிகள் எட்டும், எம்ஐடியும், ஸ்டான்ஃபோர்டும் மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை தருவதில்லை. குடும்பத்தின் தேவையைப் பார்த்துத்தான் தருகின்றன. அந்த உதவி பலர் நினைப்பதைவிடத் தாராளமானது. வழக்கமான அளவு சொத்துள்ள, ஆண்டு வருமானம் 200,000 டாலருக்கு உட்பட்ட குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்று ஹார்வர்டும் எம்ஐடியும் 2025-26 கல்வியாண்டிலிருந்து நடைமுறைப்படுத்தின. அந்த வரம்புக்கு மேலே, இருவரும் சம்பாதித்து, வீட்டுக் கடனும் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. அவர்களுக்கு மதிப்பெண் அடிப்படையில் உதவி தரும் கல்லூரிகள் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும்.

எவ்வளவு வரும் என்று ஊகிக்கத் தேவையில்லை. நெட் பிரைஸ் கால்குலேட்டர் என்ற கணக்கிடும் கருவியை ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் கூட்டாட்சிச் சட்டம். வருமான வரிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். ஒரு கல்லூரிக்கு அரை மணி நேரம் ஆகலாம். நிரப்பும்போது ஒன்றை மறக்காதீர்கள். ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் மனையும் அடுக்ககமும் சொத்துக் கணக்கில் வரும். இங்கே நீங்கள் குடியிருக்கும் வீட்டை, அரசு உதவிக்கான ஃபாஃப்சா படிவம் கணக்கில் எடுக்காது. தனியார் கல்லூரிகள் பல கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் படிவம் அதையும் கேட்கும்.

வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரப்படும் எச்-4 விசாவில் பிள்ளை இருந்தால் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். ஃபாஃப்சா வழியாக வரும் அரசு உதவி அவர்களுக்குக் கிடையாது. பல தனியார் கல்லூரிகள் அவர்களைப் பன்னாட்டு மாணவர் வரிசையில் வைத்து, பண உதவி கேட்கிறார்களா என்பதையும் அனுமதி முடிவில் பார்க்கின்றன. பன்னாட்டு மாணவருக்கும் அப்படிப் பார்க்காமல் முடிவெடுக்கும் கல்லூரிகள் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், பௌடன் போன்று ஒரு கைப்பிடி அளவுதான். மாநிலப் பல்கலைக்கழகங்களில், கலிஃபோர்னியா உட்படப் பல மாநிலங்கள் எச்-4 குடும்பங்களை உள்மாநிலக் கட்டணத்துக்கு ஏற்கின்றன. ஆனால் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அந்தப் பல்கலைக்கழகத்தின் குடியிருப்பு நிலை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறினால் கட்டணம் என்ன ஆகும் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். இங்கேயே பிறந்த பிள்ளை என்றால் இந்தக் கவலை இல்லை. பெற்றோர் எந்த விசாவில் இருந்தாலும் குடிமகனான மாணவர் ஃபாஃப்சா நிரப்பலாம்.

பிள்ளை என்ன கேட்கிறது?

ஊர்ப் பெயரையும் கல்லூரிப் பெயரையும் எடுக்காமல் ஒரு மணி நேரம் பேசிப் பாருங்கள். முந்நூறு பேர் உட்காரும் வகுப்பு பிடிக்குமா, இருபது பேர் வகுப்பு பிடிக்குமா? என்ன படிப்பது என்று முடிவாகிவிட்டதா, இன்னும் தேட வேண்டுமா? வீட்டிலிருந்து காரில் வரும் தூரமா, விமான தூரமா? பதில்கள் தெளிவாக வராது. வராமல் போனால் பரவாயில்லை, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கேளுங்கள்.

பாடத்துறை பற்றிய கேள்விக்கு மட்டும் நல்ல பதில் தேவை. சில பல்கலைக்கழகங்களில் சேர்ந்த பிறகு துறை மாறிக்கொள்ளலாம். சிலவற்றில், குறிப்பாகக் கணினி அறிவியலிலும் பொறியியலிலும், விண்ணப்பத்தில் எழுதிய துறைக்கே அனுமதி தருவார்கள். பிறகு உள்ளே மாறுவது குதிரைக்கொம்பு. எளிதாக இடம் கிடைக்கும் துறையில் நுழைந்து பிறகு மாறிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அந்தப் பல்கலைக்கழகத்தின் துறை மாற்ற விதியை அவர்களுடைய தளத்திலேயே படித்துவிட்டு முடிவெடுங்கள்.

முதலில் எழுத வேண்டிய பெயர்

கையில் இருக்கும் கல்லூரி என்று எதைச் சொல்லலாம்? இடம் கிடைப்பது அநேகமாக உறுதியாக இருக்க வேண்டும். நீங்கள் எழுதி வைத்த தொகைக்குள் செலவு அடங்க வேண்டும். பிள்ளை அங்கே மனமுவந்து போக வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது சேஃப்டி ஆகாது. முதல் இரண்டைப் பெற்றோர் பார்த்துவிடுகிறார்கள். மூன்றாவதை யாரும் பிள்ளையிடம் கேட்பதே இல்லை.

என் பதினான்கு பெயர்த் தாளில் எங்கள் மாநிலப் பல்கலைக்கழகம் கடைசி வரிசையில், ஏதோ கடமைக்கு எழுதியதுபோல இருந்தது. அதற்குப் புள்ளி விழவில்லை. செப்டம்பரில் ஒரு வேலை நாளாகப் பார்த்து மகளை அங்கே அழைத்துப்போனேன். வழிகாட்டியோடு கட்டடங்களைச் சுற்றிப் பார்த்தபோது அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அனுமதி கேட்டு ஒரு வகுப்பில் உட்கார்ந்தாள். அது முடிந்து, ஆய்வகத்தில் முதலாண்டு மாணவி ஒருத்தி ஆற்று நீரைச் சோதிக்கும் சிறு கருவி ஒன்றைப் பிரித்து மேசைமேல் பரப்பி, எந்த உணரி எதற்கு என்று இவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். நான் வெளியே நாற்பது நிமிடம் காத்திருந்தேன். திரும்பும் வழியில் அதிகம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளைத் தேடி எடுத்து, கடைசி வரிசையில் புள்ளி வைத்தாள். இணையத்தில் எவ்வளவு படித்தாலும் அந்தப் புள்ளி விழுந்திருக்காது.

உறுதியான இடங்களைத் தேடுவது எப்படி? சில மாநிலங்கள் சட்டப்படியே உறுதி தருகின்றன. டெக்சஸில் பள்ளி வகுப்பில் முதல் பத்து சதவீதத்தில் இருக்கும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே அனுமதி உண்டு. ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் 2026இல் சேர்பவர்களிலிருந்து அது முதல் ஐந்து சதவீதம். இந்த அனுமதி பல்கலைக்கழகத்துக்குத்தான், கேட்ட துறைக்கு அல்ல. ஆஸ்டினில் கணினி அறிவியல் கேட்பவர் அதைச் சேஃப்டி என்று எழுதக் கூடாது. கலிஃபோர்னியாவில் மாநில அளவில் முதல் ஒன்பது சதவீதத்தில் வரும் மாணவருக்கு, கேட்ட வளாகங்கள் எல்லாம் மறுத்தாலும், இடமிருக்கும் ஒரு வளாகத்தில் இடம் தருவதாக யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சொல்கிறது. நடைமுறையில் அது பெரும்பாலும் மெர்செட். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் போன்றவை எந்த மதிப்பெண்ணுக்கு அனுமதி உறுதி என்பதைத் தங்கள் தளத்திலேயே வெளியிடுகின்றன.

பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் சிறந்த மாணவர்களுக்கென்று உள்ளேயே வைத்திருக்கும் ஹானர்ஸ் கல்லூரிகளை நம்மவர்கள் கண்டுகொள்வதே இல்லை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாரெட், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஷ்ரையர், நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மக்காலே ஆகியவற்றில் சிறிய வகுப்புகளும் தனிக் கவனிப்பும் உண்டு. இவற்றுக்குத் தனி விண்ணப்பமும் தனிக் கட்டுரையும் கேட்பார்கள். பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்றால் ஹானர்ஸில் உறுதி என்று அர்த்தமில்லை. அதை எதிர்பாராமல் வரும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வுக்கு முன்னோட்டமான பிஎஸ்ஏடி தேர்வின் வழியாக நேஷனல் மெரிட் போட்டியில் இறுதிச் சுற்றுவரை வந்த பிள்ளை என்றால், அலபாமா பல்கலைக்கழகமும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகமும் அவர்களுக்கென்றே பெரிய உதவித்தொகைகளை வைத்திருக்கின்றன. அந்தந்த ஆண்டு நிபந்தனையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் ஒன்றாவது, விண்ணப்பம் வர வர முடிவு சொல்லும் கல்லூரியாக இருக்கட்டும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அப்படிப்பட்டது. ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ அனுப்பினால் இலையுதிர் காலத்திலேயே பதில் வந்துவிடும். கையில் ஓர் அனுமதி இருக்கும் பிள்ளை நவம்பரில் எழுதும் கட்டுரையின் தொனியே வேறு. பயம் குறைந்த கை எழுதிய எழுத்து அது.

இரண்டு சேஃப்டி போதும். மூன்றாவது வேண்டுமென்றால், இன்னும் கூடுதல் உதவித்தொகை வரக்கூடிய இடமாக இருக்கட்டும்.

கைக்கு எட்டுபவை

பட்டியலில் மிக அதிக உழைப்பு கேட்பது இந்த நடுப்பகுதி. காமன் டேட்டா செட் என்று ஓர் ஆவணம் இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் ஒரே வடிவத்தில் வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் 'சி' பகுதியைத் திறந்து பாருங்கள். சி1இல் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு அனுமதி என்று இருக்கும். சி7இல் மதிப்பெண், பாடங்களின் கடினம், கட்டுரை, பரிந்துரை எல்லாவற்றுக்கும் 'மிக முக்கியம்' முதல் 'பார்ப்பதில்லை' வரை நான்கு கட்டங்களில் குறி இட்டிருப்பார்கள். மாணவர் காட்டும் ஆர்வம் என்று அதில் ஒரு வரி உண்டு. அது முக்கியம் என்று குறித்திருக்கும் கல்லூரியின் இணையவழிக் கூட்டத்தில் கலந்துகொள்ளாமல், வளாகத்தை எட்டிப் பார்க்காமல், கடைசி நாளில் விண்ணப்பம் போட்டால், பெரிய மதிப்பெண் வைத்திருக்கும் பிள்ளைக்கும் மறுப்பு வரலாம். இவர் எப்படியும் நம்மிடம் சேரமாட்டார் என்று அவர்கள் நினைத்துவிட வாய்ப்புண்டு.

சி9இல் எஸ்ஏடி மதிப்பெண்ணின் 25ஆம், 75ஆம் சதமான எண்கள் இருக்கும்; சேர்ந்தவர்களில் கால்வாசிப் பேர் முதல் எண்ணுக்குக் கீழே, கால்வாசிப் பேர் இரண்டாவதற்கு மேலே என்று பொருள். உதாரணமாக ஒரு கல்லூரியில் அவை 1350, 1480 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பிள்ளை 1520 வாங்கியிருந்து, அந்தக் கல்லூரி பாதிக்கு அருகில் அனுமதி தருகிறது என்றால் அது டார்கெட். ஆனால் நூற்றுக்கு இருபதுக்கும் குறைவாக அனுமதி தரும் கல்லூரி, எண்கள் எவ்வளவு பொருந்தினாலும், யாருக்கும் டார்கெட் அல்ல. ரீச்தான். இந்த விதியை நான் யாருக்காகவும் தளர்த்துவதில்லை.

இன்னும் இரண்டு இடத்தில் சறுக்கிவிடுவோம். ஒன்று, துறை. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகம் பத்தில் நான்கு பேருக்கு அனுமதி தந்த ஆண்டுகளிலேயே, கணினி அறிவியலில் பத்தில் ஒருவருக்குக்கூட இடம் தரவில்லை. மொத்த விகிதத்தைப் பார்த்து டார்கெட் என்று எழுதியவர்கள் ஏமாந்தார்கள். இன்னொன்று, மாநில எல்லை. ஜார்ஜியா டெக் ஜார்ஜியா பிள்ளைகளுக்கு முன்னுரிமை தருகிறது. வட கரோலினாவின் சாப்பல் ஹில் வளாகத்தில் வெளிமாநில மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பே இருக்கிறது. பக்கத்து மாநிலத்தில் இருக்கும் உறவினர் பிள்ளைக்கு எளிதாகக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். செலவும் அப்படித்தான். யூசி வளாகங்களில் வெளிமாநில மாணவருக்குக் கூடுதல் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல்.

உங்கள் பள்ளி ஆலோசகரிடம் நேவியன்ஸ் அல்லது ஸ்கோயர் போன்ற மென்பொருள் இருந்தால், உங்கள் பள்ளியிலிருந்தே முந்தைய ஆண்டுகளில் யாருக்கு எங்கே கிடைத்தது என்பதைப் பெயரில்லாமல் புள்ளிகளாகக் காட்டும். அனுமதி கிடைத்ததைக் காட்டும் பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே உங்கள் பிள்ளையின் இடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். விளையாட்டுக்காக எடுக்கப்பட்டவரும் அந்தப் புள்ளிகளில் இருப்பார் என்பதை நினைவில் வையுங்கள்.

நான்கு அல்லது ஐந்து டார்கெட் வேண்டும். இங்கேதான் பெரும்பாலான நல்ல மாணவர்கள் கடைசியில் போய்ச் சேருகிறார்கள். ஆகவே இவற்றுக்கான கட்டுரைகளை ரீச் கட்டுரைகளின் மிச்சம் மீதியிலிருந்து ஒட்டி அனுப்பாதீர்கள்.

எட்டிப் பிடிக்க வேண்டியவை

கனவு காணட்டும், தடுக்காதீர்கள். நான்கு ஐந்து பெயர்கள் தாராளமாக இருக்கலாம். நான் வைக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று. "இந்தக் கல்லூரிக்கு ஏன் போக விரும்புகிறாய்?" என்று கேட்டால், வேறு எந்தக் கல்லூரிக்கும் பொருந்தாத இரண்டு காரணங்களைப் பிள்ளை சொல்ல வேண்டும். ஒரு பேராசிரியரின் ஆய்வு, ஒரு பாடத்திட்ட அமைப்பு, ஏதாவது. சொல்ல முடியவில்லை என்றால் அந்தப் பெயர் தரவரிசையிலிருந்து வந்தது. அதற்காக எழுதும் கட்டுரையும் அப்படியே தெரியும்.

முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறையை இங்கே முடிவு செய்ய வேண்டும். எர்லி டிசிஷன் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். கிடைத்தால் சேர்ந்தாக வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். தரப்படும் உதவி போதாது என்றால் மட்டும் விலகலாம். பிரவுன், கொலம்பியா, கார்னெல், டார்ட்மத், பென் ஆகியவை இந்த முறையில் எடுக்கின்றன. எர்லி ஆக்ஷனில் கட்டுப்பாடு இல்லை, விரைவில் பதில் வரும், அவ்வளவே. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு வைத்திருப்பது நடுவிலான முறை. சேர வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் வேறு தனியார் கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கக் கூடாது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும்பாலும் தடையில்லை.

எர்லி டிசிஷனில் அனுமதி விகிதம் கூடுதலாக இருப்பதைப் பல கல்லூரிகளின் காமன் டேட்டா செட்டிலேயே பார்க்கலாம். அதற்காகப் பிள்ளைக்கு மனம் ஒட்டாத இடத்தில் அந்தச் சீட்டைப் பயன்படுத்த வேண்டாம். பல கல்லூரிகளின் உதவித்தொகைகளை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய குடும்பம் என்றால் எர்லி டிசிஷன் உங்களுக்கானது அல்ல. ஒப்பிட எதுவும் கையில் இருக்காது. டிசம்பரில் மறுப்பு வந்தால், வாண்டர்பில்ட், சிகாகோ போன்றவை ஜனவரி தொடக்கத்தில் இரண்டாவது எர்லி டிசிஷன் சுற்று வைத்திருக்கின்றன.

தேர்வு மதிப்பெண் விதியையும் இங்கே சரிபாருங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் எஸ்ஏடி கட்டாயமில்லை என்றவர்களில் எம்ஐடி 2022இலேயே திரும்பக் கேட்கத் தொடங்கிவிட்டது. டார்ட்மத், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் ஆகியவை 2024இல் அதே முடிவை எடுத்தன. யூசி வளாகங்கள் கொடுத்தாலும் பார்ப்பதில்லை.

கட்டுரைகளை எண்ணுங்கள்

பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளம் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். அதில் அதிகபட்சம் 20 கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். 20 வரை போகலாம் என்பதற்காகப் போகாதீர்கள். 650 வார்த்தை முதன்மைக் கட்டுரை எல்லாருக்கும் பொது. அதற்கு மேல் பல கல்லூரிகள் தனிக் கேள்விகள் கேட்கும். யூசிக்கும் எம்ஐடிக்கும் விண்ணப்பமே தனி. யூசியில் எட்டுக் கேள்விகளில் நான்குக்கு, ஒவ்வொன்றும் 350 வார்த்தைக்குள் பதில் எழுத வேண்டும்.

எக்செல் தாள் ஒன்றைத் திறந்து, கல்லூரிப் பெயருக்கு எதிரே கட்டுரை எண்ணிக்கை, கடைசித் தேதி, விண்ணப்பக் கட்டணம், பண உதவிப் படிவத்தின் தேதி, நெட் பிரைஸ் கால்குலேட்டர் சொன்ன தொகை என்று ஐந்து கட்டம் போடுங்கள். கட்டுரைகளின் கூட்டுத்தொகை 30ஐத் தாண்டினால் பட்டியல் பெரிதாகிவிட்டது. பள்ளிப் பாடங்களும் கல்லூரித் தரத்திலான ஏபி வகுப்புகளும் ஓடிக்கொண்டிருக்கும் இலையுதிர் காலத்தில் 30 கட்டுரைகளை எந்தப் பிள்ளையாலும் நன்றாக எழுத முடியாது. பத்து முதல் பன்னிரண்டு கல்லூரிகளே போதும். என் மகள் பதினொன்றோடு நிறுத்தினாள். அதுவே அவளைப் பிழிந்தெடுத்துவிட்டது.

தேதிகளில் சிக்கலானவை மூன்று. முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1. யூசிக்கு நவம்பர் இறுதி. மற்றவற்றுக்கு ஜனவரியின் முதல் நாட்கள். இவற்றைவிட ஆபத்தானது கண்ணில் படாத தேதி. சில பல்கலைக்கழகங்களில் உதவித்தொகை வேண்டுமானால் முன்கூட்டிய தேதிக்குள்ளேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். இடம் கிடைத்து, பணம் கிடைக்காமல் போவது இப்படித்தான். பரிந்துரைக் கடிதம் எழுதப்போகும் ஆசிரியர்களிடம் பதினோராம் வகுப்பு முடியும் முன்பே நேரில் கேட்டுவிடச் சொல்லுங்கள். பிள்ளைதான் கேட்க வேண்டும், நீங்கள் அல்ல.

டிசம்பர் நடுவில் முன்கூட்டிய முடிவுகள் வந்ததும் பட்டியலை ஒரு முறை திருத்துங்கள். நல்ல டார்கெட் ஒன்று கிடைத்துவிட்டால், அதைவிடப் பிடிக்காத கல்லூரிகளை எல்லாம் அடித்துவிடலாம். எல்லாம் மறுப்பாக வந்தால் ஒரு டார்கெட்டைச் சேருங்கள், ரீச்சைச் சேர்க்காதீர்கள். கோபத்தில் கடைசி வாரத்தில் சேர்க்கும் நான்கு பெயர்களால் கட்டணம் போனதுதான் மிச்சம்.

ஏப்ரலில்

என் மகளுக்கு மேல்வரிசை ஐந்தில் நான்கு மறுப்பு, ஒன்று காத்திருப்போர் பட்டியல். அந்த மாலை அவள் அறைக் கதவை மூடிக்கொண்டாள். நாங்கள் தட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தவள், அக்டோபரிலேயே வந்திருந்த மாநிலப் பல்கலைக்கழகக் கடிதத்தை எடுத்து, ஹானர்ஸ் கல்லூரி விடுதியில் எந்த அறை கேட்பது என்று பார்க்கத் தொடங்கினாள். அந்த ஒரு கடிதம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்கு மனமில்லை.

காத்திருப்போர் பட்டியலில் வைத்தால், எத்தனை பேரை அப்படி வைத்து எத்தனை பேரை எடுத்தார்கள் என்பதைக் காமன் டேட்டா செட்டின் சி2இல் பாருங்கள். சில ஆண்டுகளில் ஒருவரைக்கூட எடுக்காத கல்லூரிகள் உண்டு. விருப்பம் இருந்தால் ஒரு கடிதம் எழுதிவிட்டு, கிடைத்த இடத்தில் மனத்தை வையுங்கள். உதவித்தொகைக் கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடனாகத் தரப்படுவது எவ்வளவு, திருப்பித் தர வேண்டாதது எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். முதலாண்டுக்கு மட்டுமா, நான்காண்டுக்குமா, தொடர்ந்து பெற என்ன ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) வேண்டும் என்பதையும் கேளுங்கள். வேறு நல்ல கல்லூரி கூடுதலாகத் தந்திருந்தால், அந்தக் கடிதத்தை இணைத்து மறுபரிசீலனை கேட்பதில் தவறில்லை. மரியாதையாகக் கேட்டால் சில இடங்களில் தொகை உயரும்.

பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1க்குள் ஒரே ஓர் இடத்தில் முன்பணம் கட்ட வேண்டும். மற்ற கல்லூரிகளின் தளங்களுக்குப் போய் வரவில்லை என்று அன்றே தெரிவித்துவிடுங்கள். இன்னொரு வீட்டுப் பிள்ளை அந்த இடத்துக்காகக் காத்திருக்கும். பிறகு, பரிந்துரைக் கடிதம் எழுதிய ஆசிரியர்களுக்கும் ஆலோசகருக்கும் எங்கே சேர்கிறேன் என்று பிள்ளை தன் கையாலேயே எழுதித் தரட்டும். பள்ளி மூடுவதற்குள் அதைச் செய்துவிடுங்கள்.